கவுண்டி அதிகாரிகளுக்கான பயிற்சிகளும் மாநாடுகளும்: போகும் முன், போன இடத்தில், திரும்பிய பிறகு

அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கீழே இருக்கும் உள்ளூர் அரசுதான் கவுண்டி. என் முதல் கவுண்டி மாநாட்டிலிருந்து திரும்பி வந்தபோது பையில் பதினோரு பேனாக்கள், கையில் வைத்து அமுக்கும் ஒரு ரப்பர் பந்து, மென்பொருள் கம்பெனிகளின் பளபளப்பான கையேடுகள் ஒரு கட்டு இருந்தன. மூன்று நாளில் எத்தனையோ பேருடன் கை குலுக்கியிருந்தேன். ஒருவர் பெயர்கூட நினைவில் இல்லை. விமானம், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சொத்து வரி கட்டுகிறவர்கள் பணம்.

அடுத்த வருடம் ஒரே ஒரு கேள்வியோடு போனேன். எங்கள் சிறையின் மருத்துவச் செலவு ஏறிக்கொண்டே இருந்தது. எங்கள் அளவுள்ள கவுண்டிகள் அந்த மருத்துவ ஒப்பந்தத்தை எப்படி எழுதுகின்றன என்பதுதான் கேள்வி. வரும்போது இரண்டு கவுண்டிகளின் ஒப்பந்த நகலும் மூன்று பேரின் தொலைபேசி எண்ணும் கையில் இருந்தன. பேனா ஒன்றுகூட எடுக்கவில்லை.

அமெரிக்கக் கவுண்டி அரசுகளில் இப்போது அங்கொருவர் இங்கொருவராக நம்மவர்களும் இருக்கிறார்கள். தேர்தலில் நின்று வந்தவர்கள், ஏதாவது ஆணையத்தில் நியமனம் ஆனவர்கள், என்னைப் போல பட்ஜெட் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் என்று பல வகை. அவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

எல்லாக் கவுண்டியும் ஒன்றல்ல

கவுண்டியை ‘மாவட்டம்’ என்று மொழிபெயர்த்ததும் நமக்குக் கலெக்டர் நினைவுக்கு வந்துவிடுவார். இங்கே அப்படி ஒருவர் இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் கமிஷனர்கள் (கவுண்டி வாரிய உறுப்பினர்கள்), ஷெரிஃப் (காவல் தலைவர்), கிளார்க் (ஆவணப் பொறுப்பாளர்), டிரஷரர் (பொருளாளர்), சொத்து மதிப்பீட்டாளர் எனப் பலர் தனித்தனியாக மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஒருவர் இன்னொருவருக்கு மேலதிகாரி கிடையாது. பயிற்சிகள் ஏன் இத்தனை சங்கங்களில் சிதறிக் கிடக்கின்றன என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் பதில். ஒவ்வொரு பதவிக்கும் தனிச் சங்கம், தனி மாநாடு, தனிச் சான்றிதழ்.

பெயர்களும் ஊருக்கு ஊர் மாறும். கலிஃபோர்னியாவில் கவுண்டி வாரிய உறுப்பினருக்குப் பெயர் சூப்பர்வைசர். டெக்சஸில் கவுண்டி ஜட்ஜ் என்பவர் கவுண்டி நிர்வாகத்தின் தலைவர். பெயரைப் பார்த்து வெறும் நீதிபதி என்று நினைத்துவிட வேண்டாம். லூசியானாவில் கவுண்டிக்குப் பெயர் பாரிஷ், அலாஸ்காவில் பரோ. கனெக்டிகட்டிலும் ரோட் ஐலண்டிலும் கவுண்டி அரசே கிடையாது.

அளவு வித்தியாசம் இன்னும் பெரியது. நாட்டில் 3,069 கவுண்டி அரசுகள் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் சுமார் ஒரு கோடிப் பேர். டெக்சஸின் லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர். இரண்டின் அதிகாரிகளும் ஒரே மாநாட்டுக்கு வரலாம், ஒரே அரங்கில் உட்காரலாம். ஆனால் லாஸ் ஏஞ்சலஸ்காரர் சொல்லும் தீர்வு லவிங்காரருக்கு ஊறுகாய்க்குக்கூட உதவாது. உங்கள் அளவில், உங்கள் வருமானத்தில் இருக்கும் கவுண்டி எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நிறையப் பயன்படும்.

படி 1: சட்டம் கேட்பதை முதலில் முடியுங்கள்

பதவியேற்ற வாரத்திலேயே கவுண்டி வழக்கறிஞரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். எனக்குக் கட்டாயமான பயிற்சி எத்தனை மணி நேரம்? எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும்? மாநிலத்துக்கு மாநிலம் பதில் வேறு.

டெக்சஸில் கவுண்டி கமிஷனர் ஒவ்வோர் ஆண்டும் 16 மணி நேரத் தொடர்கல்வி முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் அதைத் ‘தகுதியின்மை’ என்றே சட்டம் சொல்கிறது, பதவி நீக்கக் காரணங்களில் ஒன்றாகவும் அது வரும். கிளார்க், டிரஷரர் ஆகியோருக்கு ஆண்டுக்கு 20 மணி நேரம். இதற்கு மேல், பதவியேற்ற 90 நாளுக்குள் திறந்த கூட்டச் சட்டம் (வாரியக் கூட்டங்கள் முன்னறிவிப்போடு, பொதுமக்கள் பார்க்க நடக்க வேண்டும் என்னும் சட்டம்) பற்றிய பயிற்சியும் உண்டு. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் அதை இலவச வீடியோவாகவே வைத்திருக்கிறது. ஒரு மணி நேர வேலை. வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே முடித்துவிடலாம்.

ஜார்ஜியாவில் முதன்முறை தேர்வான கமிஷனர்களுக்கு 18 மணி நேரப் பயிற்சி கட்டாயம். மாநிலக் கவுண்டிகள் சங்கமும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கார்ல் வின்சன் நிறுவனமும் சேர்ந்து அதை நடத்துகின்றன. ஃபுளோரிடாவில் ஆண்டுக்கு 4 மணி நேர நெறிமுறைப் பயிற்சி. அரசு ஆவணங்களை மக்கள் கேட்டுப் பார்க்க வழிசெய்யும் பொது ஆவணச் சட்டமும் திறந்த கூட்டச் சட்டமும் அதற்குள்ளேயே வந்துவிடும். கலிஃபோர்னியாவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 2 மணி நேர நெறிமுறைப் பயிற்சி.

பேரிடர்க்காலப் பயிற்சியை யாரும் நினைவூட்ட மாட்டார்கள். வெள்ளமோ காட்டுத்தீயோ வந்தால் அவசரநிலை அறிவிப்பில் கையெழுத்துப் போடுவது பல இடங்களில் கவுண்டித் தலைமைதான். மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் ஐ.எஸ்.-100, ஐ.எஸ்.-700 ஆகிய அடிப்படைப் பாடங்கள் இணையத்தில் இலவசம். புயல் வந்த அன்று ‘இன்சிடென்ட் கமாண்டர் என்றால் யார்?’ என்று கேட்கும் நிலை வரக் கூடாது அல்லவா, முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

சான்றிதழ்களை ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். கணக்குப் பார்ப்பது சங்கத்தின் வேலை என்று நினைத்துக்கொண்டு, டிசம்பர் கடைசியில் அலறுபவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

படி 2: எந்த நிகழ்ச்சி எதற்கு என்று பிரித்துப் பாருங்கள்

முதல் வருடம் உங்கள் மாநிலக் கவுண்டிகள் சங்கத்தோடு நின்றால் போதும் என்பது என் கருத்து. உங்கள் வருமானம், வரி வரம்பு, சிறை, சாலை எல்லாவற்றையும் தீர்மானிப்பது மாநிலச் சட்டம். பக்கத்துக் கவுண்டிக்காரர் சொல்வது உங்களுக்கு அப்படியே பொருந்தும். கலிஃபோர்னியாவின் மாநிலச் சங்கம் 1895இல் தொடங்கியது, ஜார்ஜியாவுடையது 1914இல். இத்தனை காலம் இதையே செய்துகொண்டிருப்பவர்களிடம் புதியவர்களுக்கான பாடத்திட்டம் நன்றாகப் பழுத்திருக்கும்.

அடுத்தது பல்கலைக்கழகம் சார்ந்த நிறுவனங்கள். வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் இருக்கும் அரசாட்சிப் பள்ளி 1931இல் ஆரம்பித்தது. டெக்சஸில் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தோடு இணைந்த வி.ஜி. யங் நிறுவனம் இருக்கிறது. சட்டத்தின் உள்விவரம், பட்ஜெட் நுணுக்கம் வேண்டுமானால் இங்கே போங்கள். பேச்சாளர்கள் எதையும் விற்க வந்தவர்கள் இல்லை என்பது பெரிய நிம்மதி.

பதவி சார்ந்த சங்கங்கள் இன்னொரு வகை. நிதித் துறைக்கு 1906இல் தொடங்கிய ஜி.எஃப்.ஓ.ஏ. (அரசு நிதி அதிகாரிகள் சங்கம்), நிர்வாகிகளுக்கு 1914இல் தொடங்கிய ஐ.சி.எம்.ஏ. (சர்வதேச நகர, கவுண்டி நிர்வாகச் சங்கம்), பொறியாளர்களுக்கும் கிளார்க்குகளுக்கும் ஷெரிஃப்களுக்கும் தனித்தனி அமைப்புகள். ஊழியராக இருப்பவர்களுக்கு இவைதான் அதிகம் பயன்படும். வேலை மாறும்போதும் கூடவே வரும் தொடர்புகள் இங்கே கிடைக்கும்.

தேசிய அளவில் இருப்பது தேசியக் கவுண்டிகள் சங்கம், சுருக்கமாக நாக்கோ. 1935இல் பிறந்தது. குளிர்காலக் கடைசியில் வாஷிங்டனில் சட்டம் சார்ந்த மாநாடு. ஜூலையில் ஏதாவது ஒரு கவுண்டியில் ஆண்டு மாநாடு. 2023இல் ஆஸ்டின், 2024இல் டாம்பா, 2025இல் ஃபிலடெல்ஃபியா. வாஷிங்டன் மாநாட்டுக்குப் போகிறவர்கள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உங்கள் பகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் முன்கூட்டியே நேரம் வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பயணம் வீண். நாக்கோவுக்குப் பத்து கொள்கைக் குழுக்கள் இருக்கின்றன: நிதி, சாலை, சுகாதாரம், பொது நிலம் என்று. பெரிய மேடைப் பேச்சுகளைவிட இந்தக் குழுக் கூட்டங்களில்தான் காரியம் நடக்கும். எந்தத் தீர்மானம் ஏன் விவாதிக்கப்படுகிறது என்று கேட்டாலே, வரப்போகும் கூட்டாட்சி விதிகளின் வாசனை பிடிபடும்.

படி 3: ஒரு கேள்வியோடு போங்கள்

நிகழ்ச்சி நிரல் வந்ததும் எல்லா அமர்வுக்கும் டிக் அடிக்கத் தோன்றும். வேண்டாம். உங்கள் கவுண்டியில் இப்போது எரிந்துகொண்டிருக்கும் ஒரு பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். துறைத் தலைவர்களிடம் காட்டுங்கள். “நான் இந்த மாநாட்டுக்குப் போகிறேன், உங்களுக்கு என்ன கேட்டுக்கொண்டு வரட்டும்?” என்று கேட்டால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கலாம். இதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. ‘மனநலப் பிரச்சினையை எப்படிக் கையாள்வது?’ என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ‘மனநோயாளியைக் கைது செய்யும் போலீஸ்காரர், சிறைக்குப் பதிலாக அவரை எங்கே கொண்டுபோய் விடுகிறார்? ராத்திரி இரண்டு மணிக்கு அந்த இடம் திறந்திருக்குமா? செலவு யாருடையது?’ என்று கேளுங்கள். அப்போது ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில்களும் உண்டு. டெக்சஸின் பெக்ஸார் கவுண்டியில், அதாவது சான் அன்டோனியோவில், 2008இல் ஒரு மறுவாழ்வு மையம் திறந்தார்கள். போலீஸ் ஒருவரைச் சிறைக்கோ ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கோ கொண்டுபோகாமல் அங்கே ஒப்படைத்துவிட்டு ரோந்துக்குத் திரும்பலாம். வேறு மாநிலங்களிலிருந்து அதிகாரிகள் கூட்டம் கூட்டமாக வந்து அதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு 2015இல் நாக்கோவும் வேறு இரண்டு அமைப்புகளும் சேர்ந்து ‘ஸ்டெப்பிங் அப்’ என்ற முயற்சியைத் தொடங்கின. சிறைகளில் மனநோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் நோக்கம். 500க்கும் மேற்பட்ட கவுண்டிகள் அதில் சேர்ந்தன. ஒரு ஊரில் செய்ததை இன்னொரு ஊர்க்காரர் நேரில் போய்ப் பார்த்துக் கேட்டதால் பரவிய யோசனை இது.

2021இல் கொரோனா நிவாரணமாகக் கவுண்டிகளுக்கு நேரடியாக 6,510 கோடி டாலர் வந்தபோதும் இதே கதைதான். விதிப் புத்தகம் தடிமனாக இருந்தது. 2024 டிசம்பர் 31க்குள் எதற்கென்று ஒதுக்கிவிட வேண்டியிருந்தது, 2026 டிசம்பர் 31க்குள் செலவழிக்க வேண்டும். ‘இதற்குச் செலவழித்தால் தணிக்கையில் மாட்டுமா?’ என்ற கேள்விக்கு எங்களுக்கு வேகமாகப் பதில் சொன்னவர்கள், முந்தைய மாநாடுகளில் அறிமுகமாகியிருந்த வேறு கவுண்டி நிதி அதிகாரிகள்தான்.

மாநாட்டுக்கு வருகிறவர்கள் பட்டியல் முன்கூட்டியே கிடைக்குமானால், உங்கள் அளவுள்ள கவுண்டிகளில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து மின்னஞ்சல் போடுங்கள். நான்கு வரி போதும். ஐந்தில் இருவர் பதில் போட்டாலே லாபம்.

படி 4: அனுமதி, பணம், ரசீது

இதில் சுவாரசியம் எதுவும் இல்லை, ஆனால் உள்ளூர் பத்திரிகை முதலில் தேடுவது இதைத்தான். பயணத்துக்கு வாரிய அனுமதி வேண்டுமா என்று பாருங்கள். பல கவுண்டிகள் மத்திய அரசு ஊழியர்களின் தினப்படி விகிதத்தையே பின்பற்றுகின்றன: 2025 நிதியாண்டில் பொது விகிதம் தங்க 110 டாலர், சாப்பாட்டுக்கு 68 டாலர், பயணத்தின் முதல் நாளும் கடைசி நாளும் சாப்பாட்டில் முக்கால் பங்குதான், 51 டாலர். பெரிய நகரங்களுக்கு விகிதம் கூடும். சொந்தக் கார் என்றால் 2025இல் மைலுக்கு 70 சென்ட். மாநாட்டில் மதியச் சாப்பாடு போட்டால் அதைத் தினப்படியிலிருந்து கழிக்க வேண்டும். கழிக்காமல் மாட்டியவர்கள் உண்டு. ஹோட்டல் சலுகை அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அவ்வளவுதான்.

படி 5: அங்கே போன பிறகு

மேடை உரைகளுக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் வேலைதான், அதாவது ஆட்களைச் சந்தித்துப் பேசுவதுதான், முக்கியமான வேலை. சரியான அமர்வு எது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி இருக்கிறது. பேச்சாளர் பதவி மட்டும் பார்க்க மாட்டேன், அவருடைய கவுண்டியின் மக்கள்தொகையையும் பார்ப்பேன். நம் அளவுதான் என்றால் முன்வரிசையில் உட்காருவேன். முடிந்ததும் மேடைக்கு ஓட மாட்டேன், அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் இருக்கும். அதே அமர்வில் கேள்வி கேட்டவர் யாரென்று பார்த்து வைத்து, அவரிடம் போவேன். என் பிரச்சினை அவருக்கும் இருக்கிறது என்று அவர் கேள்வியே சொல்லிவிட்டதே.

பேசி முடித்ததும் அவர் கொடுத்த அட்டையின் பின்பக்கத்தில் எதைப் பற்றிப் பேசினோம் என்று மூன்று வார்த்தை எழுதுங்கள். ராத்திரி எழுதலாம் என்றால் எழுத மாட்டீர்கள்.

கண்காட்சி அரங்குக்குப் போக வேண்டியதுதான், ஆனால் இரண்டு எச்சரிக்கையோடு. உங்கள் கவுண்டியில் டெண்டர் ஏதாவது திறந்திருந்தால், அதில் போட்டியிடும் கம்பெனியின் ஸ்டால் பக்கம் தலைகாட்டாதீர்கள். மயாமி-டேட் கவுண்டியில் டெண்டர் காலத்தில் இப்படிப் பேசுவதைத் தடுக்கும் விதிக்கு ‘மௌனக் கூம்பு’ என்றே பெயர். அப்புறம் ராத்திரி விருந்துகள். கம்பெனி வாங்கித் தரும் சாப்பாடும் அன்பளிப்புக் கணக்கில்தான் வரும். கலிஃபோர்னியாவில் ஒரே தரப்பிடமிருந்து ஆண்டில் 50 டாலருக்கு வந்துவிட்டாலே, அதிகாரிகள் தங்கள் சொத்து, வருமான விவரம் தரும் படிவம் 700இல் காட்ட வேண்டும். 2025-26க்கு உச்சவரம்பு 630 டாலர். நம்மூர்ப் பழக்கத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். என் பில்லை நான் கட்டிக்கொள்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

இனி, பலருக்கும் தெரியாத பெரிய பள்ளம்: திறந்த கூட்டச் சட்டம்.

ஒஹையோவின் 88 கவுண்டிகளில் 86இல் கமிஷனர்கள் மூன்றே பேர். மூன்று பேர் வாரியத்தில் இரண்டு பேர் சேர்ந்தாலே பெரும்பான்மை. இப்படிப்பட்ட வாரியத்தின் இருவர் ஒரே காரில் நான்கு மணி நேரம் மாநாட்டுக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். வழியில் சாலைப் பட்ஜெட் பற்றிப் பேசினால், பல மாநிலங்களில் அது அறிவிப்பில்லாமல் நடந்த கூட்டம் என்று வழக்கு வரலாம். ஃபுளோரிடாவில் பெரும்பான்மைகூடத் தேவையில்லை. ஒரே வாரியத்தின் இரண்டு உறுப்பினர்கள், வாரியத்தின் முன் வரக்கூடிய விஷயத்தைத் தனியாகப் பேசக் கூடாது.

மாநாட்டுக்குப் போவதே தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. கலிஃபோர்னியாவில் 1953இல் வந்த பிரவுன் சட்டம், பொதுமக்களுக்குத் திறந்த மாநாட்டில் வாரியத்தின் பெரும்பான்மையினர் கலந்துகொள்வதைக் கூட்டமாக எண்ணாது. நிகழ்ச்சி நிரலில் உள்ள பேச்சைத் தவிர, தங்கள் கவுண்டி விவகாரத்தைத் தங்களுக்குள் அவர்கள் பேசக் கூடாது, அவ்வளவுதான். டெக்சஸ் சட்டமும் மாநாட்டுக்கு இதே போல விலக்கு தருகிறது. ஆகவே மற்ற கவுண்டிக்காரர்களிடம் மனம்விட்டுப் பேசுங்கள். சொந்த வாரியத்து ஆட்களோடு இருக்கும்போது பிள்ளைகள் படிப்பு, கிரிக்கெட், பேஸ்பால் பேசுங்கள். சாப்பாட்டு மேசையில் தனித்தனியாக உட்காருவது எல்லாவற்றுக்கும் நல்லது. புதிய ஆட்களைச் சந்திக்கவும் அதுதான் வழி.

வாட்ஸ்அப் குழுவும் இதே வகைதான். மாநாடு முடியும் நாளில் யாராவது ஒருவர் குழு தொடங்காமல் விட மாட்டார். சொந்தப் போனில், சொந்தக் கணக்கில் இருந்தாலும் அரசு வேலை பற்றிய செய்தி பொது ஆவணமாகலாம் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்திருக்கிறது. எதை எழுதினாலும் நாளைக்குப் பத்திரிகையில் வந்தால் பரவாயில்லையா என்று நினைத்துப் பார்த்து எழுதுங்கள். சொந்த வாரியத்தின் இன்னொரு உறுப்பினர் அதே குழுவில் இருந்தால், வாயை மூடிக்கொண்டு படிப்பதே மேல்.

படி 6: திரும்பி வந்த ஒரு மாதம்

விமானத்திலேயே ஒரு பக்கம் எழுதிவிடுங்கள்: என் கேள்வி என்ன, யார் என்ன சொன்னார்கள், அடுத்து யாரை அழைக்கப் போகிறேன். கலிஃபோர்னியாவில் அரசுச் செலவில் போன உறுப்பினர் அடுத்த வாரியக் கூட்டத்தில் சுருக்கமாக அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். உங்கள் மாநிலத்தில் சட்டம் இல்லாவிட்டாலும் செய்யுங்கள். “மிகவும் பயனுள்ள மாநாடு” என்று சொல்லி உட்காருபவர்களை மக்கள் பார்த்துச் சலித்துவிட்டார்கள். “அந்த ஊரில் இந்த ஒப்பந்தத்தில் மருந்துச் செலவைத் தனியாகப் பிரித்திருக்கிறார்கள். நம் ஒப்பந்தம் அடுத்த வருடம் முடிகிறது. நகல் இதோ” என்று சொல்லிப் பாருங்கள், கேள்விகள் தானாக வரும்.

முதல் வாரத்தில் நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல். அதோடு அவர்களுக்கு உதவக்கூடிய ஏதாவது ஒன்றை அனுப்புங்கள். உங்கள் கவுண்டியின் விதிமுறை, ஒரு விரிதாள், ஒரு வேலை விளக்கம், எதுவாக இருந்தாலும் சரி. கேட்பவராக மட்டும் இருப்பவருக்கு மூன்றாவது முறை பதில் வராது. மூன்றாவது வாரத்தில் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசுங்கள், இந்த முறை உங்கள் துறைத் தலைவரையும் சேர்த்துக்கொண்டு. தொடர்பு உங்களோடு நின்றுவிட்டால், நீங்கள் அடுத்த தேர்தலில் தோற்ற அன்றைக்கு அதுவும் போய்விடும்.

படி 7: பக்கத்துக் கவுண்டிகளோடு ஒரு சின்ன சந்திப்பு

மாநிலச் சங்கமும் தேசியச் சங்கமும் வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் கூட்டும். இடையில் ஆறேழு பக்கத்துக் கவுண்டிகள் சேர்ந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு காலைப் பொழுது சந்திக்கலாம். செலவு என்று பார்த்தால் காப்பியும் டோனட்டும்தான். பொது நூலகத்தின் கூட்ட அறையை இலவசமாகவே தருவார்கள். ஒரு சந்திப்புக்கு ஒரே தலைப்பு: இந்த முறை பாலப் பராமரிப்பு, அடுத்த முறை தேர்தல் ஊழியர் பற்றாக்குறை.

பேச்சாளர் தேவையில்லை. வருகிறவர் ஒவ்வொருவரும் அந்தத் தலைப்பில் தங்கள் கவுண்டி பயன்படுத்தும் ஒரு ஆவணத்தைக் கொண்டு வர வேண்டும் என்று மட்டும் விதி வையுங்கள். ஒரே மாதிரி வேலைக்கு ஏழு விதமான ஒப்பந்தங்களை ஒரே மேசையில் விரித்து வைத்தால், யார் அதிகம் கொடுக்கிறார்கள் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எங்களுடைய முதல் சந்திப்பில் பனி அகற்ற வாங்கும் உப்பைப் பற்றிப் பேசினோம். டன்னுக்கு எங்களைவிட நன்றாகக் குறைந்த விலைக்கு ஒரு கவுண்டி வாங்கிக்கொண்டிருந்தது. சாலைத் துறைக்காரர் பேசாமல் பேனாவை எடுத்து அந்த விலையை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

கமிஷனர்களும் வருவதானால் அழைப்பை அனுப்பும் முன் உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஏதாவது ஒரு வாரியத்தின் பெரும்பான்மையினர் வரக்கூடும் என்றால், பொது அறிவிப்பு ஒட்டிவிட்டுக் கதவைத் திறந்தே வையுங்கள். எங்கள் சந்திப்புக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒருமுறை கூடத் தவறாமல் வந்து கடைசி வரிசையில் உட்காருவார். அடுத்த கூட்டத்துக்கு என்ன தலைப்பு என்று அவர்தான் முதலில் கேட்பார்.